இன்னும் ஓர் அடி பின்னால்

என் மனைவி செவ்வந்திக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கேமராவில் ஜூம் கிடையாது. அவள் இறந்து நான்கு வருடமாகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும், ஜூம் இல்லாததற்கும் ஒருத்தி செத்துப்போனதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்பார்கள். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

சிங்காநல்லூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், எப்போதாவது ஒரு புத்தகம். அவள் காந்திபுரத்தில் ஒரு கலர் லேபில் ஆல்பம் ஒட்டுகிற வேலையில் பதினொரு வருடம் இருந்தாள். ஊரார் கல்யாணத்தையெல்லாம் வெட்டி, ஒட்டி, அட்டை போட்டுக் கொடுப்பவள். கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தது மட்டும் இல்லை.

எங்கள் கல்யாணத்துக்கு எடுத்தது மொத்தம் இருபத்திரண்டு படம். இரண்டு பேருடைய அப்பாக்களும் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர்கள், அதற்குமேல் கட்டுப்படியாகவில்லை. அந்த இருபத்திரண்டில் ஒரே ஒரு குரூப் போட்டோ. அதில் அவளுடைய அம்மா இடது ஓரத்தில் நின்றிருந்தார். படத்தில் ஒரு முழங்கையும் பச்சைச் சேலையின் ஒரு மடிப்பும்தான் வந்திருந்தது. அடுத்த வருடமே அவர் போய்விட்டார். வேறு படம் இல்லை.

"அந்த போட்டோக்காரன் இன்னும் ஓர் அடி பின்னால போயிருந்தா என்னவாம்? காலுல முள்ளா தச்சிருந்துது?" என்று செவ்வந்தி சொல்லுவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். ஆனால் வருடத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவாள்.

லேபில் ஆல்பம் பிரிவை மூடினார்கள். எல்லாம் மெஷினில் அச்சாகி வர ஆரம்பித்துவிட்டது. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கம் பெண் வயதுக்கு வந்தால் திரட்டி வைப்பார்கள். பச்சை ஓலையில் குடிசை கட்டி, அதன் முன்னால் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அதனால் போட்டோக்காரர்களையும் விடமாட்டார்கள். எல்லா ஆல்பத்திலும் அந்த இடம் காலியாக இருப்பதை அவள் பதினொரு வருடம் பார்த்திருந்தாள்.

"பொம்பள போட்டோகிராபர் ஒருத்தி இருந்தா எல்லாரும் கூப்புடுவாங்க. நான் போறனுங்க. ஒரு கேமரா பாருங்க" என்றாள்.

பாருங்க என்று அவள் சொன்னதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. நான் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று மாதம் பார்த்தேன். போனில் ஒவ்வொரு கேமராவைப் பற்றியும் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்து, நோட்டில் குறித்து, கோடு போட்டு அடித்து, மறுபடி எழுதினேன். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் படிப்பேன். சென்சார் அளவு, இருட்டில் எது தாங்கும், எந்த லென்ஸில் பின்னணி மங்கலாகி முகம் மட்டும் துலங்கும் எல்லாம் எனக்கு மனப்பாடம். அச்சகத்தில் புரூஃப் கட்டு காத்துக் கிடக்கும். நான் மேஜைக்கடியில் லென்ஸ் படித்துக்கொண்டிருப்பேன்.

எங்களிடம் இருந்தது முப்பதாயிரம். கடைசியில் ஒரு சனிக்கிழமை, பழைய கேமரா வாங்கி விற்கிற கோவிந்தராஜுலு கடைக்குப் போனோம். ஒரு சந்துக்குள் மாடியில் இருந்த சின்ன அறை. கண்ணாடி அலமாரிக்குள் பல்பு எரியவிட்டு லென்ஸ்களை அடுக்கியிருந்தார். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அந்தச் சூடு வேண்டும் என்றார். நான் அதையும் படித்திருந்தேன்; தலையாட்டினேன்.

அவர் இரண்டு பாடி, அதாவது லென்ஸ் மாட்டாத கேமரா, எடுத்து வைத்தார். ஒன்று கொஞ்சம் புதிது. இருபதாயிரத்து ஐந்நூறு. இன்னொன்று நாலைந்து வருடம் பழையது, பதினாலாயிரம்.

"பழசையே எடுத்துக்குங்க. ரெண்டு லென்ஸும் வாங்கிக்கலாம். இது பதினெட்டு–அம்பத்தஞ்சு, ஜூம் லென்ஸு, சின்ன ரூமுக்குள்ள நின்னே எல்லாரையும் எடுத்துரலாம். இது அம்பது எம்எம், ஜூம் இல்ல, ஆனா மூஞ்சிய எடுத்தா சிலையாட்டம் வரும். பாடி இன்னைக்கு வரும், நாளைக்குப் போவுமுங்க. லென்ஸுதானுங்க சொத்து" என்றார்.

"பழைய பாடி இருட்டுல தாங்காதுங்க. புள்ளி புள்ளியா வரும்" என்றேன் நான்.

"சார் படிச்சுட்டு வந்திருக்கறாரு." அவர் செவ்வந்தியைப் பார்த்துச் சிரித்தார். "படிச்சவங்களுக்கு விக்கறது நெம்ப ஈசிங்க அம்மணி. நாம பேசவே வேண்டியதில்ல, அவிங்களே பேசி அவிங்களே வாங்கிக்குவாங்க."

புதிய பாடியை எடுத்தால், கார்டு, பை, இன்னொரு பேட்டரி எல்லாம் போக, ஒரு லென்ஸுக்குத்தான் பணம் இருந்தது. எது என்பதுதான் கேள்வி.

செவ்வந்தி முதலில் ஐம்பதை மாட்டி என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, உங்க மூக்கு மட்டுந்தானுங்க வருது" என்றாள். பின்னால் நகர்ந்தாள். அலமாரியில் முதுகு இடித்தது. கோவிந்தராஜுலு பதறி எழுந்தார். பிறகு பதினெட்டு–ஐம்பத்தைந்தை மாட்டினாள். நின்ற இடத்திலிருந்தே என்னையும் அவரையும் கதவையும் கதவுக்கு வெளியே இருந்த தண்ணீர்க் கேனையும் சேர்த்து எடுத்தாள்.

"இதுங்க" என்றாள். "ஆல்பத்த வாங்குனதும் சனம் மொதல்ல தேடறது குரூப் போட்டோவத்தான். அதுல தன்ற மூஞ்சி இருக்குதான்னுதான் பாப்பாங்க. பின்னால மங்கலா இருக்குதா, தெளிவா இருக்குதான்னு ஒருத்தரும் பாக்கறதில்ல. பதினோரு வருசம் ஒட்டியிருக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?"

அவளுக்குத் தெரியும். எனக்கும் அவளுக்குத் தெரியும் என்பது தெரியும். ஆனால் மூன்று மாதம் படித்திருந்தேன் நான். படித்தவர்கள் எல்லாரும் ஒரே குரலாகச் சொல்லியிருந்தார்கள்: முதல் லென்ஸாக ஐம்பது வாங்கு, ஜூம் இருந்தால் சோம்பல் வரும், நடந்து போய் எடுக்கப் பழகு.

"காலாலயே ஜூம் பண்ணலாம்னு போட்டிருக்கறான்" என்றேன்.

"போட்டிருக்கறவனுக்கு என்ன. காலு என்னுதுதானுங்களே?"

கோவிந்தராஜுலு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஐம்பதை வாங்கினோம். படியிறங்கும்போது பையை அவளே வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, சூலூர் விமானப்படை ஏரோப்ளேன் ஒன்று தாழப் போனதைப் பார்த்து, "அதாச்சும் முழுசா வருமுங்களா இதுல?" என்றாள்.

எல்லாரும் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. முகங்கள் நன்றாக வந்தன. மஞ்சள் தண்ணீர் வழிகிற ஒரு பதின்மூன்று வயது முகத்தை அவள் எடுத்தால், பெற்ற தாயே படத்தைக் கீழே வைக்க மாட்டாள். ஆனால் அந்த லென்ஸில் பத்துப் பேரை அடக்க வேண்டுமென்றால் இருபத்தைந்து அடி பின்னால் போக வேண்டும். இருபத்தைந்து அடி நீளமுள்ள அறை எங்கள் ஒறம்பரையில், சொந்தக்காரர் யார் வீட்டில் இருந்தது? பெருந்துறைப் பக்கம் நடந்த முதல் திரட்டியில் அவள் வாசற்படியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுக் குளியலறைக்குள் நின்று எடுத்தாள். அங்கே சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர் கத்திய கத்து ஊரே கேட்டது. இன்னொரு வீட்டில் கண்ணைக் கேமராவில் வைத்தபடியே பின்னால் நடந்து, ஆரத்தித் தட்டில் கால் வைத்தாள்.

"ஆரத்தி எனக்குத்தானுங்க எடுக்கோணும்" என்று சமாளித்தாள்.

அதற்கப்புறம்தான் நாங்கள் ஒரு முறையைக் கண்டுபிடித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். தண்ணீர் ஊற்றும்போது வெளியே இருப்பேன். மற்ற நேரமெல்லாம் அவளுக்குப் பின்னால். என் வலது கை அவள் முதுகில் இருக்கும். அவள் பின்னால் நடப்பாள். நானும் பின்னால் நடப்பேன், ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. விரலால் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் படி. இடம், வலம் என்பதற்கு உள்ளங்கையின் அந்தந்த ஓரத்தால் ஓர் அழுத்து. பேச்சே வேண்டாம். தன் முதுகு கண் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லுவாள்.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "கல்யாணமாயி இத்தன வருசத்துக்கப்பறமும் பொண்டாட்டி முதுகுல இருந்து கைய எடுக்க மாட்டீங்கறாரே" என்று ஒரு பெண்மணி எல்லார் முன்னாலும் சொல்ல, செவ்வந்தி கூசிப்போனாள். மறுவாரம் கேமராப் பையின் வாரைக் கழற்றித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, நுனியை என் கையில் கொடுத்தாள்.

"இப்ப மாட்டப் புடிச்சுட்டுப் போறாப்பல இருக்குமுங்க. அதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாரைச் சுண்டினால் நிற்பாள்.

அவள் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம். குரூப் போட்டோவில் ஒருவர்கூட வெட்டுப்படக் கூடாது. ஓரத்தில் யாராவது பாதி நின்றால், நெருங்கி நிற்கச் சொல்ல மாட்டாள். கூச்சப்பட்டு ஓரம் போகிறவர்கள் கூப்பிட்டால் இன்னும் ஓரம் போவார்கள் என்பாள். அவளே பின்னால் போவாள்.

முதல் வருட வருமானத்தில் அந்தப் பதினெட்டு–ஐம்பத்தைந்தை வாங்கியிருக்கலாம். ஃபிளாஷ் வாங்கினோம். அதுவும் நான் படித்துச் சொன்னதுதான். அடுத்து கொரோனா வந்து விசேஷங்களே இல்லாமல் போயிற்று. எடுத்து வைத்திருந்ததை அரிசிக்கும் வாடகைக்கும் செலவு செய்தோம். மறுபடி நிலைமை கொஞ்சம் சரியாகி, அந்த ஆவணியில் நாலு திரட்டிக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு காலையில் காபி குடித்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த வாட்டி அந்த ஜூம் லென்ச வாங்கிப்போடலாங்களா? கோவிந்தராஜுலு அஞ்சாயிரத்துக்குத் தாரேங்கறாரு."

நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. "உன் படத்தைப் பத்தி எல்லாரும் பேசறதே அந்த ஐம்பதாலதான். ஐப்பசியில பாத்துக்கலாம்" என்றேன்.

"செரிங்க" என்றாள்.

அந்தச் செரிங்க இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் கோபம் இருந்திருந்தால் தேவலாம்.

சோமனூரில் வெள்ளியங்கிரி என்பவர் வீட்டுத் திரட்டி. எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கிறவர். மகள் மௌனிகாவுக்குப் பதின்மூன்று வயது. மண்டபங்களில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்றிருந்த சமயம். அதனால் வீட்டிலேயே வைத்தார்கள். கீழே வாசலில் பந்தி. மேலே மொட்டை மாடியில் ஓலைக் குடிசை. மாடியில் இன்னொரு அடுக்கு கட்டுவதாக இருந்ததால் கைப்பிடிச் சுவர் எழுப்பவில்லை. மூன்று பக்கமும் திறந்து கிடந்தது. மூலைகளில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

மாடிப்படி வரைக்கும் நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மௌனிகாவின் அம்மா அன்புக்கரசி படியில் மறித்தார்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. தண்ணி ஊத்தி, துணி மாத்தி, அரிசி சுத்தற வரைக்கும் ஆம்பளைங்க மேல வரக்கூடாதுங்க. நீங்க சாப்புடுங்க, அதுக்குள்ள முடிஞ்சுரும்."

வழக்கமாக அப்படித்தான். தண்ணீர் ஊற்றும்போது அவள் பெண்ணின் முகத்தை நெருங்கி எடுப்பாள். பின்னால் நடக்கிற வேலையே இருக்காது. குரூப் போட்டோ எப்போதும் ஆண்கள் வந்தபிறகுதான். அதனால் நான் யோசிக்கவில்லை. அவள் இடுப்பில் கட்டியிருந்த வாரைச் சுருட்டிச் சேலைக்குள் செருகிக்கொண்டாள்.

"பாயசம் ரெண்டு வாட்டி கேக்காதீங்க, சக்கரை ஏறும்" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

பிறகு அன்புக்கரசி சொல்லித் தெரிந்தது இது. அரிசி சுற்றி முடிந்ததும் பெண்கள் தங்களுக்குள் ஒரு படம் வேண்டும் என்றார்கள். ஆண்கள் வந்து நின்றுகொண்டால் அப்புறம் நாமெல்லாம் பின்னால் போய்விடுவோம், இப்போதே எடு என்றார்கள். ஒன்பது பேர். குடிசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். செவ்வந்தி ஒன்று எடுத்தாள். போதாது என்று பின்னால் போனாள். இன்னொன்று எடுத்தாள். வலது ஓரத்தில் அன்புக்கரசியின் தங்கை ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துச் செவ்வந்தி, "சின்னம்மா, நீங்க அங்கயே இருங்க, நானே வாரேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

நான் இலையில் உட்கார்ந்திருந்தேன். அன்று தறிகளை நிறுத்தியிருந்ததால் அந்தத் தெருவே அமைதியாக இருந்தது. அதனால் அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. வீட்டின் பின்பக்கம், செங்கல் குவித்திருந்த இடம்.

அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. கேமராவின் பாடி இரண்டாக உடைந்திருந்தது. லென்ஸுக்கு ஒன்றுமாகவில்லை. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

போலீஸ் வந்து, விசாரித்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. ஊர் அப்படி எழுதவில்லை. சுவர் கட்டாமல் ஒருத்தியைக் கொன்றுவிட்டான் என்று வெள்ளியங்கிரியைச் சொன்னது. எங்கள் பக்கத்து ஆட்கள் நாலு பேர் அவர் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டார்கள். அந்த மாதமே அவர் சுவர் எழுப்பினார். மாடியில் அடுக்குக் கட்டும் எண்ணத்தை விட்டுவிட்டார்.

வருடா வருடம் அவள் இறந்த நாளன்று அவர் என் வீட்டுக்கு வருவார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். அவள் படத்துக்கு முன்னால் நின்று, "செவுரு ஒண்ணக் கட்டியிருந்தா..." என்பார். பாதியில் நிறுத்திக்கொள்வார். "அதெல்லாம் இல்லீங்க" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மூன்று வருடம் சொல்லவில்லை. அவர் அதைச் சுமந்துகொண்டு படியிறங்கும்போது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

உடைந்த கேமராவில் இருந்த மெமரி கார்டை நான் தொடவே இல்லை. இந்த ஆடியில் ஒரு நாள், என்னவோ தோன்றி, அச்சகத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கடைசிப் படத்தில் குடிசை நடுவில் இருக்கிறது. மௌனிகா பட்டுப் பாவாடையில், ஈரத் தலையோடு. பக்கத்தில் பெண்கள், ஒருவர் வாயைத் திறந்து சிரித்தபடி. வலது ஓரத்தில் ஒரு தோளும் பாதி முகமும் ஒரு கண்ணும். சின்னம்மா. இன்னும் ஓர் அடி பின்னால் போயிருந்தால் முழுதாக வந்திருப்பார்.

பிழை கண்ணில் பட்டுவிட்டால் திருத்தாமல் என்னால் தாளைத் தள்ளிவைக்க முடியாது. முப்பது வருடப் பழக்கம். அன்றிரவிலிருந்து ஒரே கேள்விதான். ஜூம் லென்ஸ் கையில் இருந்திருந்தால் அவள் எங்கே நின்றிருப்பாள்? அதிலும் விளிம்பு வரை போக வேண்டியிருந்திருக்குமா? போக வேண்டியிருந்திருந்தால் எனக்கு மன்னிப்பு உண்டு. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

கோவிந்தராஜுலு கடை அதே மாடியில்தான் இருந்தது. இப்போது வரிசை வரிசையாக இந்த வகைக் கேமராக்கள் தூசியோடு கிடந்தன. உள்ளே கண்ணாடி இல்லாத, மிரர்லெஸ் என்கிற புது வகைக்கு எல்லாரும் மாறிவிட்டார்களாம். பழைய பாடி ஒன்றையும் பதினெட்டு–ஐம்பத்தைந்து ஒன்றையும் சேர்த்து ஏழாயிரத்துக்குக் கொடுத்தார். அன்றைக்கு அவர் வாங்கச் சொன்ன அதே பழைய பாடிதான்.

"அன்னைக்கே இதைச் சொன்னனுங்களே சார்" என்றார். "அம்மணி நல்லா இருக்கறாங்களா? இன்னும் எடுக்கறாங்களா?"

"இருக்கறாங்க" என்றேன்.

சோமனூர் பஸ்ஸில் போய் இறங்கினேன். சொல்லாமல் போனதால் வெள்ளியங்கிரி திகைத்துப்போனார். தறி ஓடிக்கொண்டிருந்தது; கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மாடிக்குப் போக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அன்புக்கரசியைக் கூப்பிட்டார்; இரண்டு பேரும் முன்னால் ஏறினார்கள்.

மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் இடுப்பளவுக்குச் சுவர். பூசப்படாத சுவர். அச்சகத்தில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்த படத்தை எடுத்துக் காட்டி, எங்கே குடிசை, எங்கே யார் என்று கேட்டேன். அன்புக்கரசி முதலில் படத்தை வாங்கவில்லை. பிறகு வாங்கி, நெடுநேரம் பார்த்து, "இங்கதானுங்க" என்று ஓர் இடத்தைக் காட்டினார். மௌனிகா கீழிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்தாள். பிளஸ் டூ படிக்கிறாளாம், நன்றாக வளர்ந்துவிட்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் ஒன்பது நாற்காலியையும் படத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். கடைசி நாற்காலியைச் சின்னம்மா உட்கார்ந்த இடத்தில், கொஞ்சம் தள்ளி.

குடிசை இருந்த இடத்திலிருந்து சுவர் வரைக்கும் அளந்தேன். இருபது அடி.

கேமராவைக் கண்ணில் வைத்து, லென்ஸைப் பதினெட்டுக்குத் திருப்பி, நாற்காலிகளுக்கு அருகிலிருந்து பின்னால் நடக்க ஆரம்பித்தேன். ஒவ்வோர் அடியாக. மூன்றாவது அடியில் ஐந்து நாற்காலிகூட உள்ளே வரவில்லை. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஐந்தாவது அடியில் என் சட்டையின் பின்பக்கம் யாரோ இறுகப் பிடித்தார்கள். திரும்பினேன். வெள்ளியங்கிரி.

"செவுருதான் இருக்குதுங்களே" என்றேன்.

"இருக்கட்டுமுங்க. நீங்க நடங்க."

நடந்தேன். ஏழு. எட்டு. ஒன்பதில் சின்னம்மாவின் நாற்காலி பாதி வந்தது. பத்தாவது அடியில் ஒன்பது நாற்காலியும் உள்ளே வந்துவிட்டன. முழுதாக. வலது ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம்கூட மிச்சம் இருந்தது.

எனக்குப் பின்னால் பத்து அடி தரை இருந்தது. சுவரே இல்லாவிட்டாலும் பத்து அடி.

"என்னங்க தெரியுது?" என்றார் வெள்ளியங்கிரி.

"எல்லாரும் வந்துட்டாங்க" என்றேன். கண்ணிலிருந்து கேமராவை எடுக்காமலே சொன்னேன். "உங்க செவுரு இல்லீங்க. இந்த லென்ச அவ கேட்டா. ரெண்டு வாட்டி கேட்டா. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். இது இருந்திருந்தா இங்கயே நின்னு எடுத்திருப்பா."

கீழே யாரோ தறியை மறுபடி ஓட்ட, தரை லேசாக அதிர்ந்தது.

"செவுரு இருந்திருந்தா முட்டீட்டு நின்னிருப்பாங்களேங்க" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். அன்புக்கரசி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு படியோரம் நின்றிருந்தார். காலியான ஒன்பது நாற்காலிகளை நான் ஒரு படம் எடுத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. எடுத்து முடித்த பிறகும் வெள்ளியங்கிரி என் சட்டையை விடவில்லை.